கியூஆர் அட்டைக்குப் பொட்டு வைத்த நாள்

அந்தத் தொழிற்சாலைப் பேருந்து என் சின்னம்மாவின் கடைக்கு முன்னால் ஏழு நிமிடம் நிற்கும். காலை ஆறு இருபதுக்கு வரும், ஆறு இருபத்தேழுக்குக் கிளம்ப வேண்டும். அங்கிருந்து பாசிர் கூடாங் தொழிற்பேட்டைக்கு உள்ளே இன்னும் இருபது நிமிடம் ஓடி, ஆறு ஐம்பதுக்குள் தொழிற்சாலை வாசலில் ஆட்களை இறக்கிவிட வேண்டும். வாசலில் விரல் வைத்து நேரம் பதியும் கருவி இருக்கிறது. ஒரு நிமிடம் பிந்தினாலும் அதில் சிவப்பு விளக்கு எரியும். சிவப்பு விழுந்தவர்களுக்கு அந்த மாத வருகை அலவன்ஸ் கிடையாது.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. எனக்குத் தெப்ராவில் வேலை கிடைத்தபோது, எங்கள் ஊரான பண்டார் தெங்காராவிலிருந்து தினமும் வந்துபோவது முடியாத காரியமாக இருந்தது. சின்னம்மா தன் வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார், வாடகை பற்றிப் பேசினால் கோபித்துக்கொண்டார். அதற்குப் பதிலாகக் காலையில் ஒரு மணி நேரம் கடையில் நிற்பது என்று நானே முடிவு செய்துகொண்டேன். என் வேலை, கைப்பேசியில் பணம் செலுத்தும் செயலிகளைச் சோதிப்பது. ஒரு செயலி வெளியே போவதற்கு முன்னால் அது எங்கெல்லாம் தவறலாம் என்று பட்டியல் போட வேண்டும். ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, பக்கத்தில் சரி அல்லது தவறு என்று எழுத வேண்டும். வேலைக்கு வெளியிலும் நான் அப்படித்தான். பட்டியல் இல்லாமல் காய்கறிகூட வாங்க மாட்டேன். சின்னம்மா என்னைக் கேலி செய்வதற்கு அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

கடை பெரியதல்ல. தகரக் கூரை, இரண்டு மேசை, ஓர் எரிவாயு அடுப்பு, ஒரு தோசைக்கல். நாசி லெமாக்கை, தேங்காய்ப்பால் சாதத்தோடு மிளகாய்ச் சம்பலும் நெத்திலியும் வைத்த வாழையிலைப் பொட்டலங்களாக, வீட்டிலேயே கட்டிக்கொண்டு வந்துவிடுவோம். மீ ஹூன் என்கிற அரிசி சேமியா, வடை, உள்ளே கறி வைத்துப் பொரித்த கறிபாப் எல்லாம் கூடைகளில் இருக்கும். இழுத்து ஆற்றிய பால் தேநீரான தே தாரிக்கைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் வளையம் போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. இந்தக் கடையைத் தொடங்குவதற்கு முன்னால் சின்னம்மா பதினோரு வருடம் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் தட்டு கழுவினார். அங்கே தன் சமையலை யாரும் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை என்பதுதான் அவருடைய பெரிய மனக்குறை. கடை வைத்து மூன்று வருடம் ஆகிறது. வியாபாரத்தில் முக்கால்வாசி அந்த ஒரு பேருந்துதான். பேருந்து போனால் கடை போகும், கடை போனால் மறுபடி கேண்டீன். இதை அவர் ஒரு முறைதான் என்னிடம் சொன்னார். வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னதால், கண்ணைத் துடைத்துக்கொண்டதற்கு வேறு காரணம் இருப்பது போலக் காட்டிக்கொள்ளவும் வசதியாக இருந்தது.

பிரச்சினை புரட்டாசிக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. பேருந்து கிளம்புவது ஆறு முப்பது, ஆறு முப்பத்திரண்டு என்று தள்ளிப்போனது. ஒரு நாள் காலை டிரைவர் இறங்கி வந்து மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அக்கா, நேத்து ரெண்டு பேருக்குச் சிவப்பு விழுந்துருச்சு. ஏச்சு எனக்கு."

"நான் என்ன தம்பி பண்றது? எல்லாரும் அம்பது வெள்ளி நோட்ட நீட்டுறாங்க. நான் என்ன பேங்கா வச்சிருக்கேன்?"

"பெட்ரோல் ஸ்டேஷன் பக்கத்துல மலாய்க்கார மக்சிக் ஒருத்தங்க கடை போட்டிருக்காங்கள்ல, அங்க ஸ்கேன் பண்ணிட்டு அஞ்சு நிமிஷத்துல ஏறிடுறாங்களாம். இன்னொரு பஸ்ஸு அங்கதான் நிக்குது."

"போங்களேன். அங்க சம்பல் இனிக்கும்."

"சம்பல் இனிச்சா எனக்கென்ன, ஃபேக்டரி கேட்டுக்கு நேரத்துல போனா சரி. தீபாவளி வரைக்கும் பாக்குறேங்கா. அதுக்கு மேல என் கையில இல்ல."

அவர் கெட்டவர் இல்லை. சொல்லிவிட்டு ஒரு வடையை எடுத்துக்கொண்டு, சரியான சில்லறையை வைத்துவிட்டுத்தான் போனார். சரியான சில்லறை கொடுக்கும் ஒரே ஆள் அவர்தான்.

அடுத்த மூன்று நாள் நான் கைக்கடிகாரத்தோடு நின்றேன். பேருந்தில் முப்பத்தெட்டுப் பேர். ஏழு நிமிடத்தைப் பங்கு போட்டால் ஆளுக்குப் பதினொரு விநாடி. பொட்டலத்தை எடுத்துக் கொடுக்க நான்கு விநாடி போதும். மிச்சமெல்லாம் காசு தின்றுகொண்டிருந்தது. ஐம்பது வெள்ளி நோட்டு வந்தால் இருபத்தைந்து விநாடி. பணப்பையைத் திறந்து பார்த்துவிட்டு, பின்னால் நிற்பவரிடம் திரும்பி "உன்கிட்ட அஞ்சு வெள்ளி இருக்கா?" என்று கேட்பவருக்கு நாற்பது. இளம் பெண்கள் பலரிடம் நோட்டே இருப்பதில்லை. தொழிற்சாலை கேண்டீனில் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வாங்குகிறவர்கள் எங்கள் கடைக்காக மட்டும் பேங்க் மிஷினில் நோட்டு எடுக்க வேண்டியிருந்தது. காசு வாங்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். சின்னம்மா சம்மதிக்கவில்லை. சில்லறையை நான் இரண்டு முறை எண்ணிப் பார்ப்பேனாம், அதற்குள் பேருந்து தூரத்து மெர்சிங் வரை போய்விட்டு வந்துவிடுமாம்.

மூன்றாம் நாள் மாலையே அவரிடம் பேச உட்கார்ந்தேன். சிறு வியாபாரிகள் ஏன் கியூஆர் வேண்டாம் என்கிறார்கள் என்பதற்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு பட்டியல் உண்டு. ஏமாந்துவிடுவோம் என்ற பயம், கட்டணம் பிடிப்பார்களோ என்ற சந்தேகம், பழக்கமின்மை. மூன்றுக்கும் பதில் தயாரித்துக்கொண்டு போய்ப் பொறுமையாக விளக்கினேன். சின்னம்மா நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டே கேட்டார்.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சது."

"நீ சொன்னதுல ஒண்ணுகூட என் பிரச்சினை இல்லடி. நான் தினமும் ஃபோன்ல புடவை வாங்குறேன், எனக்கென்ன பயம்? கடையில என் ரெண்டு கையிலயும் உறை. ஃபோன் இடுப்புல. காசு வந்துச்சான்னு பாக்க உறையக் கழட்டி, ஃபோன எடுத்து, கண்ணாடிய மாட்டி, அப்புறம் மறுபடியும் புது உறை. இதுக்குச் சில்லறை குடுக்குறதே மேல் இல்லையா?"

எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இரண்டு வருடமாக நான் எழுதிய நூற்றுக்கணக்கான சோதனைகளில், கையில் சாதமும் சம்பலும் ஒட்டியிருக்கும் ஒருவர் வந்ததே இல்லை. எல்லோரும் சும்மா நின்றபடி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேசும் பெட்டி ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். உள்ளங்கை அளவு ஒலிபெருக்கி. பணம் வந்ததும் எவ்வளவு என்று மலாயில் உரக்கச் சொல்லும், கையால் எதையும் தொட வேண்டாம். சின்னம்மா நெத்திலியை நிறுத்தினார்.

"நெசமாவா? அதுவே சொல்லுமா?"

"அதுவே சொல்லும்."

"அப்ப இத மொதல்ல சொல்ல மாட்டியா?"

இரண்டு நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டார். ஒன்று, போணி கையில்தான். நாளின் முதல் காசைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்ட பிறகு பெட்டி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். போணியை டிரைவரிடம் வாங்குவது என்று அவரே முடிவு செய்தார். மிரட்டிவிட்டுப் போனவரிடமா என்று கேட்டேன். "வாய்க்கும் கை ராசிக்கும் சம்பந்தம் இல்ல" என்றார். இரண்டாவது, விஜயதசமியன்று தொடங்க வேண்டும். புதுசாக எதைத் தொடங்கினாலும் அன்றைக்குத்தான்.

அட்டையும் பெட்டியும் விஜயதசமிக்கு இரண்டு நாள் முன்னால் தபாலில் வந்தன. அன்று மாலை வரவேற்பறைத் தரையில் உட்கார்ந்து முறையாகச் சோதித்தேன். என் கைப்பேசி, சித்தப்பாவுடையது, பக்கத்து வீட்டுப் பெண்ணின் திரை உடைந்த கைப்பேசி, அவள் தம்பியுடைய பழையது. அட்டையில் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன், விளக்கை அணைத்து மோட்டார் சைக்கிள் வெளிச்சத்தில் பார்த்தேன். மேலே எண்ணெய்கூடத் தடவினேன். பதினான்கு சோதனை, பதினான்கும் சரி.

மறுநாள் காலை சின்னம்மா பேருந்தின் படியில் ஏறி நின்று அறிவிப்புச் செய்தார். நாளையிலிருந்து யாரும் காசு கொண்டுவர வேண்டாம், எல்லோரும் ஸ்கேன்தான். காசும் வாங்கலாம், இரண்டும் இருக்கட்டும் என்று நான் காதில் சொன்னேன். கேட்கவில்லை. "ரெண்டும் இருந்தா ஒருத்தரும் மாற மாட்டாங்க" என்றார். இதே கருத்தைச் சொல்ல எங்கள் அலுவலகத்தில் ஒரு மணி நேரக் கூட்டம் நடந்தது. அங்கே தேநீரும் சுமார்தான்.

அன்று இரவு ஆயுத பூஜை. நான் வேலை முடிந்து வந்தபோது பூஜை முடிந்திருந்தது. வரவேற்பறை மேசையில் கத்தி, கரண்டிகள், தோசைத் திருப்பி, அடுப்பின் குமிழ், சித்தப்பாவின் ஸ்பேனர்கள், மோட்டார் சைக்கிள் சாவி எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக இருந்தன. நடுவில் கியூஆர் அட்டை, மேலே மல்லிகைச் சரம் சுற்றி, மாப்பிள்ளை மாதிரி நின்றது. நான் விழுந்து கும்பிட்டேன், ஒரு கிண்ணம் கடலைச் சுண்டல் சாப்பிட்டேன், தூங்கப் போனேன். சோதனை முடிந்துவிட்டதால் அட்டையை உற்றுப் பார்க்கவில்லை. என் தொழிலில் இதைவிடப் பெரிய தவறு கிடையாது.

விஜயதசமிக் காலை. பேருந்து ஆறு பத்தொன்பதுக்கே வந்துவிட்டது. டிரைவர் இறங்கி ஒரு வெள்ளி நோட்டைக் கொடுத்தார், சின்னம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டார். வரிசையில் முதலில் நீல முக்காடு போட்ட மலாய்ப் பெண். அவளைத் தினமும் பார்ப்பேன், எப்போதும் மீ ஹூன்தான் வாங்குவாள். கைப்பேசியை அட்டைக்கு நேரே பிடித்தாள். கிட்டே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், சாய்த்துப் பார்த்தாள். பிறகு சின்னம்மாவை நிமிர்ந்து பார்த்து, "தா போலே, அக்கா" என்றாள். முடியவில்லை என்று அர்த்தம். பின்னால் நின்றவர் முயன்றார், அவருக்கும் முடியவில்லை. முப்பத்தெட்டுப் பேர், யாரிடமும் காசு இல்லை. சின்னம்மாதான் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லியிருந்தார். டிரைவர் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் அட்டையை எடுத்து மல்லிகைச் சரத்தை விலக்கினேன்.

கியூஆர் கோட்டின் மூன்று மூலைகளில் மூன்று பெரிய கட்டங்கள் இருக்கும். கைப்பேசி முதலில் அவற்றைத்தான் தேடும். அவை கிடைத்தால்தான் தன் முன்னால் இருப்பது ஒரு கியூஆர் கோடு என்றே அதற்குத் தெரியும். மற்ற இடங்களில் கொஞ்சம் அழுக்குப் பட்டாலும் பாதகமில்லை, விட்டுப்போனதை அதுவே கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளும். சின்னம்மா அந்த மூன்று கட்டங்களிலும், ஒன்றுக்கு ஒன்று என, வெள்ளிக்கிழமை வாசல் கதவுக்கு வைப்பது போல வட்டமாகச் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் இட்டிருந்தார். மூன்றும் ஒரே அளவு. கொஞ்சமும் சிந்தவில்லை.

"சின்னம்மா, மூலையில ஏன் வச்சீங்க?"

"வேற எங்க வைக்கிறது? மத்த இடமெல்லாம் பொடிப்பொடியா கோடு. இந்த மூணு கட்டம்தான் பொட்டு வைக்கன்னே விட்ட மாதிரி இருந்துச்சு."

ஈரத் துணியை எடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். உறையில் இருந்த சம்பல் என் கையில் அப்பியது.

"வச்ச பொட்ட அழிப்பியாடி? விஜயதசமி அன்னைக்கா?"

"ஸ்கேன் ஆகலையே சின்னம்மா."

"ஆகலன்னா வேற வழி பாரு. படிச்சிருக்கல்ல."

பேருந்தில் வரும் தமிழ்ப் பெண்களில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், தொழிற்சாலையில் லைன் லீடர். பசியோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தவர் எனக்கு உதவுவார் என்று நினைத்தேன். "அழிக்காதம்மா, நல்லாயிருக்காது" என்றார் அவரும். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் தலையாட்டினார்கள். சந்தனத்தை எடுத்தால் வேலை முடிந்துவிடும், எடுக்கக் கூடாது என்று வாடிக்கையாளர்களே சொல்கிறார்கள். இப்படி ஒரு நிலைமையை எந்தப் பட்டியலிலும் நான் எழுதியதில்லை.

"அக்கா, நாலு நிமிஷம் போச்சு" என்றார் டிரைவர்.

அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. தீபாவளிக்கு இருபது நாள் இருந்தது. ஆனால் ஒருவர் மனதில் முடிவு எடுக்க அவ்வளவு நாள் தேவையில்லை. சின்னம்மா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேண்டீனில் தட்டு கழுவிய காலத்தில் அவர் எப்படி நின்றிருப்பார் என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

அதே கியூஆர் கோடு அவருடைய கைப்பேசியிலும் இருக்கும் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவர் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை நானே இழுத்து எடுத்தேன். கைப்பேசியின் முதுகிலும் பொட்டு, சரியாகக் கேமராவின் மேல். நல்லவேளையாக நமக்குத் தேவை திரை. செயலியைத் திறந்து கோட்டைப் பெரிதாக்கி நீட்டினேன். மலாய்ப் பெண் ஸ்கேன் செய்தாள். பெட்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டது போல இருந்தது. அதன் துளைகளுக்கு மேலே விபூதிப் பட்டை. சளி பிடித்த குரலில், "தீகா ரிங்கிட் டித்தெரிமா" என்றது. மூன்று வெள்ளி வந்து சேர்ந்ததாம்.

"சரி சரி, கேட்டுச்சு" என்று சின்னம்மா பெட்டிக்குப் பதில் சொன்னார்.

ஆனால் ஒரே ஒரு கைப்பேசி, அதைச் சுற்றி முப்பத்தேழு பேர். அப்போது அந்த மலாய்ப் பெண் திரையில் இருந்த கோட்டைப் படம் எடுத்தாள். பஸ் குரூப்பில் போட்டுவிடுகிறேன், அவரவர் தங்கள் கைப்பேசியிலிருந்தே கட்டிவிடலாம் என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அரை நிமிடத்தில் எல்லோரும் குனிந்து விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டி மூச்சு விடாமல் பேசத் தொடங்கியது. லீமா ரிங்கிட், தீகா ரிங்கிட், அனாம் ரிங்கிட் என்று ஐந்தும் மூன்றும் ஆறுமாக.

"யாரு கட்டுனது, யாரு கட்டலன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் சின்னம்மா.

"நான் பாத்துக்குறேன், நீங்க பொட்டலத்தக் குடுங்க" என்று லைன் லீடர் அக்கா பேருந்தின் படியில் போய் நின்றுகொண்டார். ஏறுகிற ஒவ்வொருவரின் திரையையும் பார்த்து உள்ளே விட்டார். "உன்னது நேத்து கேண்டீன்ல கட்டுன ரசீது, ஏமாத்தாத, இறங்கு" என்று ஒருவனைத் திருப்பி அனுப்பினார். அவன் சிரித்துக்கொண்டே வந்து இன்றைய காசைக் கட்டினான்.

பேருந்து கிளம்பியபோது ஆறு முப்பது. டிரைவர் கண்ணாடி வழியே சொன்னார்: "இன்னைக்கு விரட்டிப் போய்ச் சேந்துடுவேன். நாளைக்கும் இப்படின்னா தீபாவளி வரைக்கும்கூடப் பாக்க முடியாதுக்கா."

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. மாலையில் இரண்டாவது அட்டைக்கு விண்ணப்பித்தேன். காரணம் என்ற இடத்தில் சேதம் என்று எழுதியதைச் சின்னம்மா என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சேதமா? பூஜை பண்ணதுன்னு எழுது."

"அதுக்கு அவங்க லிஸ்ட்ல இடம் இல்ல சின்னம்மா."

"ஒங்க லிஸ்ட்டுல எதுக்குத்தான் இடம் இருக்கு?"

மறுநாள் காலை கைப்பேசியைக் கழுத்தில் தொங்கவிட ஒரு கயிற்றோடு நான் தயாராக நின்றேன். ஆறு பத்து இருக்கும். சாலை வெறிச்சோடி இருந்தது. திடீரென்று பெட்டி, "லீமா ரிங்கிட் டித்தெரிமா" என்றது. நாங்கள் இருவரும் திரும்பி அதைப் பார்த்தோம். கடையில் யாரும் இல்லை. மறுபடி, "தீகா ரிங்கிட்." மறுபடி, "துஜோ ரிங்கிட்."

"இதுக்கு என்னடி, காய்ச்சலா? தானா பேசுது" என்றார் சின்னம்மா.

நான் நேரத்தைக் குறித்துக்கொள்ளத் தொடங்கினேன். ஏதோ கோளாறு, புகார் எழுத உதவும் என்று நினைத்தேன். எட்டாவது அறிவிப்புக்குப் பிறகுதான் அவர் கைப்பேசி நடுங்கிக்கொண்டே இருப்பதைக் கவனித்தேன். முந்தைய நாள் லைன் லீடர் அக்கா சின்னம்மாவைப் பஸ் குரூப்பில் சேர்த்துவிட்டிருந்தார். உள்ளே இருபதுக்கு மேல் செய்திகள். நாசி லெமாக் ரெண்டு, தே ஒண்ணு, காசு போட்டாச்சு. மீ ஹூன் ஒன்று, காரம் குறைவாக. ஒரு குரல் பதிவில், பேருந்து இரைச்சலுக்கு நடுவே யாரோ தமிழில், "அக்கா, நேத்து நெத்திலி கம்மி, இன்னைக்குச் சேத்துப் போடுங்க, மறந்துடாதீங்க லா."

பேருந்து இன்னும் மூன்று சிக்னல் தள்ளி இருந்தது. அவர்கள் இருக்கையில் உட்கார்ந்தபடியே கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் இதைப் புரிந்துகொண்டிருந்த நேரத்தில் சின்னம்மா கூடையைக் காலி செய்து முன்னால் இழுத்திருந்தார்.

"நின்னு என்ன பாக்குற, வாசிடி."

நான் வாசித்தேன், அவர் போட்டார். பொட்டலத்தின் மேல் மார்க்கரால் ஆளின் பெயரை எழுதினேன். ஆறு இருபதுக்குப் பேருந்து நின்றபோது இரண்டு கூடைகளும் நிரம்பியிருந்தன. லைன் லீடர் அக்காவும் நீல முக்காட்டுப் பெண்ணும் மட்டும் இறங்கி ஆளுக்கொரு கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். உள்ளே அவர் கோழிக்குத் தீனி போடுவது போலப் பெயர் சொல்லிச் சொல்லி வீசுவது ஜன்னலில் தெரிந்தது. ஆறு இருபத்து மூன்றுக்கு எல்லாம் முடிந்திருந்தது. டிரைவர் கியர் போடாமல், அடுத்து என்ன செய்வது என்று தெரியாதவர் போல ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எல்லோரும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஐந்தாறு பேர் இறங்கி வந்து நோட்டு நீட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் நேபாளத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர். முதலில் அவருக்குப் பக்கத்து இருக்கைக்காரர் சேர்த்துக் கட்டினார், அவர் நோட்டைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்தார். ஒரு வாரம் அப்படி நடந்தது. பிறகு ஒரு நாள் பெட்டி இரண்டரை வெள்ளி என்று அறிவித்ததும், கூடவே ஒரு குரல் பதிவு வந்தது. "வடை, வடை, வடை" என்று மூன்று முறை சொல்லிவிட்டுச் சிரிப்பு. அது அவர்தான். யாரும் அவருக்கு எதையும் விளக்கவில்லை. பக்கத்து இருக்கையில் ஒருவர் தினமும் செய்வதைப் பார்த்தார், அவ்வளவுதான். எங்கள் அலுவலகத்தில் விளக்கப் படங்கள் வரைவதற்கென்று தனியாக இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டேன். நல்ல மனிதர்கள்.

வேறொன்றைச் சொன்னேன். எங்கள் சோதனைப் பட்டியலில் புதிதாக ஒரு வரி சேர்த்தேன்: மூன்று மூலைக் கட்டங்களிலும் வட்டமான, ஒரே அளவுள்ள கறை. என் மேலதிகாரி ஒரு சீனப் பெண்மணி, எதையும் காரணம் கேட்காமல் ஏற்காதவர். கறை எப்படி மூன்று மூலையிலும் ஒரே அளவில் படும், யார் அப்படிச் செய்வார்கள் என்று கேட்டார். என் சின்னம்மா என்றேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, தன் அத்தை புத்தாண்டுக்குக் கல்லாப்பெட்டியின் மேல் சிவப்புத் தாள் ஒட்டும்போது ஸ்கேனரையும் சேர்த்து மூடி ஒட்டிவிட்டதைச் சொன்னார். அந்த வரி பட்டியலில் நின்றது. இப்போது மூலை மறைந்திருந்தால், மூலைகளைப் பாருங்கள் என்று செயலியே சொல்லும்.

புது அட்டை வந்தது. அதற்குச் சின்னம்மா பின்பக்கத்தில் பொட்டு வைத்தார். பழையதைக் கடைத் தூணில், எதற்கும் பயன்படாமல், மரியாதையாக மாட்டியிருந்தார். குரூப்பில் அவர் இப்போது குரல் பதிவும் போட்டார். "இன்னைக்குத் தோசை இல்ல, கல்லு கோச்சுக்கிச்சு" என்பது போல. அதற்கு முப்பது சிரிப்பு முகங்கள் வரும்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலைநாள். கூடைகள் ஏறிவிட்டன. டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். அவர் இறங்குவதைப் பார்த்ததும் சின்னம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா, தீபாவளி வரைக்கும் பாக்குறேன்னு சொன்னேன்ல."

"சொன்னீங்க தம்பி."

"பெட்ரோல் ஸ்டேஷன் பக்கம் நிக்கிற பஸ்ஸு இருக்குல்ல, அவன் நேத்து என்கிட்ட வந்தான்." டிரைவர் நெற்றியைச் சொறிந்தார். "எப்படிடா மூணு நிமிஷத்துல சாப்பாடு வாங்கி முடிக்குறன்னு கேட்டான். தீபாவளி முடிஞ்சு அவனும் இங்க நிறுத்தலாமான்னு ஒங்ககிட்ட கேக்கச் சொன்னான். ஆறு அஞ்சுக்கு வருவானாம். நாப்பத்திரண்டு பேரு."

சின்னம்மா கரண்டியை எடுக்காமலே கேட்டார்.

"அப்ப நீங்க?"

"நான் எங்கக்கா போறேன்? இங்கதான்."

"அத மொதல்ல சொல்லிட்டு மத்தத சொல்லக்கூடாதா? நாலு மணிக்கே எந்திரிக்கணும் போலயே" என்று என் பக்கம் திரும்பினார். எண்பது பேருக்கு வாழையிலை எவ்வளவு வேண்டும் என்று நான் ஏற்கெனவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மலாய்க்காரர்கள் மலைத்துப்போனால் சொல்வது போல "அலமாக்" என்று மட்டும் சொன்னேன்.

டிரைவர் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் வந்த இத்தனை நாளில் அவர் அங்கே உட்கார்ந்து பார்த்ததில்லை. எப்போதும் ஒரு கையில் வடை, இன்னொரு கையில் ஸ்டியரிங். பேருந்துக்குள் பொட்டலம் பிரிக்கும் சத்தமும் சிரிப்பும் கேட்டன. கிளம்ப இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. ஒரு தோசைக்கு இரண்டு நிமிடம் போதும். சின்னம்மா கல்லில் தண்ணீர் தெளித்து, துடைத்து, அவர் கேட்காமலே மாவை ஊற்றினார்.